கொடுப்பதற்கென்று பிறந்த பண்டம்: சீன மூன்கேக்கை வீட்டில் சுடுவது

சீன நாட்காட்டியின் எட்டாம் மாதத்துப் பதினைந்தாம் நாள், முழுநிலவு எழும் இரவில் கொண்டாடப்படும் நடு இலையுதிர்கால விழாவுக்கு உரிய பண்டம் மூன்கேக். விழா நாள் நிலவின் கணக்கைப் பின்பற்றுவதால் நம் நாட்காட்டியில் அது ஆண்டுதோறும் இடம் மாறுகிறது; 2025ஆம் ஆண்டில் அக்டோபர் 6 அன்று வந்த விழா, 2026ஆம் ஆண்டில் செப்டம்பர் 25 அன்று வருகிறது. சீனர்கள் யுவேபிங் என்று அழைக்கும் இப்பண்டம், பெயரில் கேக் இருந்தாலும் முட்டையும் மாவும் அடித்துப் பொங்கச் செய்யும் பஞ்சு போன்ற கேக் வகையைச் சேர்ந்ததன்று. அடர்த்தியான இனிப்புப் பூரணத்தை மெல்லிய மேல்மாவால் மூடி, செதுக்கிய அச்சில் அழுத்தி, ஓவனில் சுட்டெடுக்கும் பண்டம் அது. அதன் எடையில் பத்தில் ஏழு அல்லது எட்டுப் பங்கு பூரணமாகவும் எஞ்சியது மட்டுமே மாவாகவும் இருக்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர்களுக்கு இது புதியதன்று. விழாவுக்குப் பல வாரங்கள் முன்பே கடைத்தொகுதிகளில் அடுக்கப்படும் வண்ணப் பெட்டிகளும், அலுவலகங்களிலும் அக்கம்பக்கத்திலும் கைமாறும் அன்பளிப்புகளும் அவர்களுடைய அன்றாடத்தின் பகுதிகளே.

மூன்கேக்கை வீட்டில் சுட முனைவோர் முதலில் உணரவேண்டிய செய்தி ஒன்று உண்டு. இப்பண்டத்தின் இயல்புகள் அனைத்தும், அது கொடுப்பதற்கென்று செய்யப்படுவது என்னும் ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை. விழாவுக்கு முன்பே செய்து முடிக்கப்பட்டு, பெட்டியில் அடைபட்டு, ஊர் விட்டு ஊர் சென்று, பெற்றவர் வீட்டில் சில நாள் இருந்து, அதன்பின் வெட்டப்படும் பண்டம் கெடாமலும் உடையாமலும் காய்ந்துபோகாமலும் இருக்கவேண்டும். மிகுதியான சர்க்கரை, நீர் வற்றக் கிளறிய பூரணம், ஈரத்தைப் பிடித்துவைக்கும் பாகு, சுட்ட பிறகு காத்திருக்கும் நாள்கள் ஆகிய அனைத்தும் அந்தத் தேவைக்கு விடையாக அமைந்தவை. எந்த அளவை மாற்றலாம், எதை மாற்றினால் எது குலையும் என்பதை இந்தக் கண்கொண்டு பார்ப்பவருக்கே செய்முறை கைவசப்படும்.

பண்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். தெற்குச் சுங் அரசின் தலைநகராக விளங்கிய ஹாங்சோ நகரைப் பற்றி வூ சிமூ எழுதிய நூல், அந்நகரச் சந்தையில் விற்ற தின்பண்டங்களின் வரிசையில் யுவேபிங் என்ற பெயரைக் குறிப்பிடுகிறது. ஆயினும் அது இந்த விழாவுக்கென்றே உரியதாக அங்கே காட்டப்படவில்லை. எட்டாம் மாதத்துப் பதினைந்தாம் நாளில் மக்கள் இப்பண்டத்தை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டனர் என்றும், குடும்பம் ஒன்றுகூடுவதை அது குறித்தது என்றும் தெளிவாகச் சொல்பவர் 16ஆம் நூற்றாண்டில், மிங் அரசர் காலத்தில் எழுதிய தியான் ருசெங். மங்கோலிய யுவான் ஆட்சியை 1368இல் வீழ்த்திய கிளர்ச்சிக்காரர்கள் மூன்கேக்குக்குள் செய்திச் சீட்டை ஒளித்து அனுப்பினர் என்னும் கதை இன்றும் விற்பனைப் பெட்டிகளில் அச்சாகிறது. அதற்குச் சமகாலச் சான்று எதுவும் இல்லை. செய்முறையில் நாட்டம் உள்ளவர்களுக்கு இக்கதைகளைவிடப் பயன் தருவது, கவிஞரும் உணவு நூலாசிரியருமான யுவான் மெய் 1792இல் வெளியிட்ட சமையல் நூலில் உள்ள குறிப்பு. நயமான மாவில் செதில் செதிலான மேல்தோல் செய்து, தேவதாரு வகைப் பருப்பு, வால்நட், முலாம்பழ வகை விதை ஆகியவற்றைப் பொடித்து, சிறிதளவு கற்கண்டும் பன்றிக்கொழுப்பும் சேர்த்துப் பூரணமாக வைத்த மூன்கேக்கை அவர் பாராட்டுகிறார். தின்னும்போது இனிப்பு மிகையாகத் தோன்றாததை அதன் சிறப்பாகவே சொல்கிறார். மூன்கேக் திகட்டுகிறது என்ற இன்றைய முறையீட்டுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயது உண்டு என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

வீட்டில் சுடும் வழக்கம், எதிர்பார்ப்புக்கு மாறாக, புதியது. சீன வீட்டுச் சமையலறை, வாணலியையும் ஆவிக்கூடையையும் நடுவாகக் கொண்டு அமைந்தது. ஓவன் அதில் இடம்பெற்றது அண்மைக் காலத்தில்தான். ஆகவே மூன்கேக் நெடுங்காலமாகக் கடையில் வாங்கும் பொருளாகவே இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹாங்காங்கில் உழைக்கும் மக்கள், நம் ஊர்த் தீபாவளிச் சீட்டைப் போலவே, மாதந்தோறும் சிறு தொகையைத் தேநீர்க் கடைக்கோ பண்டக் கடைக்கோ கட்டிவந்து, விழா நெருங்கும்போது உறவினருக்குக் கொடுப்பதற்கான பெட்டிகளை மொத்தமாகப் பெற்றுக்கொண்டனர். செல்வம் பெருகியபோது கொடுக்கும் வழக்கம் ஆடம்பரமாகவும் திரிந்தது. அரசுப் பணத்தில் மூன்கேக் வாங்கி அன்பளிப்பாக வழங்குவதற்குச் சீன அரசு 2013இல் தடை விதித்தது. 2022 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்த விதி, மூன்கேக் பெட்டியின் உறை அடுக்குகள் மூன்றுக்கு மேல் போகக்கூடாது என்றது. பெட்டிக்குப் பணம் கொடுப்பதைவிடப் பண்டத்துக்கு உழைப்பைக் கொடுப்பது மேல் என்று கருதுவோரும், என்ன கொழுப்பு, எவ்வளவு சர்க்கரை என்பதைத் தாமே முடிவு செய்ய விரும்புவோரும் மேசை ஓவனைத் துணைக்கொண்டு வீட்டில் சுடத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கது.

சீனம் முழுவதற்கும் பொதுவான மூன்கேக் என்று ஒன்று இல்லை. சூசோ நகரத்து வகை, பல மடிப்புகளாகப் பிரியும் செதில் தோலை உடையது. அதே தோலுக்குள் பன்றி இறைச்சியை வைத்துச் சூடாகத் தின்னும் வழக்கம் ஷாங்காயிலும் உண்டு. யுன்னான் மாநிலத்தில், சுவான்வெய் என்னும் ஊரின் பெயர்பெற்ற உப்பிட்ட பன்றித்தொடை இறைச்சியைத் தேனோடு கலந்து பூரணமாக்குகின்றனர். தியோச்சு மக்களின் வகையில் சேனையினத்து டாரோ கிழங்கும் பன்றிக்கொழுப்பும் முதன்மை பெறுகின்றன. ஓவனே வேண்டாத, வேகவைத்த ஒட்டரிசி மாவில் செய்து குளிர்பெட்டியில் வைக்கும் பனித்தோல் மூன்கேக் அண்மைக் காலத்துக் கண்டுபிடிப்பு. உலகெங்கும் மூன்கேக் என்றவுடன் நினைவுக்கு வருவதோ, பழுப்பு நிறத் தோலில் எழுத்தும் பூவும் பொறித்த குவாங்டாங் மாநிலத்து வகைதான். அச்சும் மாவும் பாகும் கைவசமாக வேண்டிய அவ்வகையே இங்கு விரிவாகப் பேசப்படுகிறது.

குவாங்டாங் மூன்கேக்கின் உயிர் பாகில் உள்ளது. மேல்மாவில் தண்ணீரும் சேர்வதில்லை, சர்க்கரைத் தூளும் சேர்வதில்லை. இரண்டின் வேலையையும் ஒருசேரச் செய்வது முன்னரே காய்ச்சி ஆறவைத்த பாகு. 400 கிராம் வெள்ளைச் சர்க்கரையும் 200 மில்லிலிட்டர் தண்ணீரும் அடிகனமான பாத்திரத்தில் சேர்ந்து கொதி வந்தவுடன், 50 மில்லிலிட்டர் வடிகட்டிய எலுமிச்சைச் சாறு ஊற்றப்பட்டு, மிகக் குறைந்த தீயில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை காய்ச்சப்படுகிறது. கொதித்த பிறகு கரண்டியால் கிளறக் கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் தெறித்த துளி காய்ந்து படிகமாகி, அந்தப் படிகம் பாகில் விழுந்தால் முழுப் பாகும் மீண்டும் சர்க்கரையாக உறைந்துவிடும். ஓரத்தில் ஒட்டியதை நீரில் தோய்த்த தூரிகையால் தடவிக் கீழிறக்குவதே முறை. எலுமிச்சையின் அமிலமும் சூடும் சேர்ந்து சர்க்கரையின் மூலக்கூறான சுக்ரோஸைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்னும் இரண்டு எளிய சர்க்கரைகளாகப் பிளக்கின்றன. இவை இரண்டும் கலந்திருக்கும் பாகு எளிதில் படிகமாவதில்லை. பிரக்டோஸ் காற்றிலிருந்தும் பூரணத்திலிருந்தும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. சூட்டில் விரைவாகச் சிவக்கவும் செய்கிறது. பண்டம் வாரக்கணக்கில் மென்மையாக இருப்பதற்கும், தேன்பழுப்பு நிறம் பெறுவதற்கும் இந்தப் பிளவுதான் அடிப்படை.

வெப்பமானி உள்ளவர்கள் பாகு 112 முதல் 115 பாகை செல்சியசைத் தொடும்போது அடுப்பை அணைக்கலாம். அது இல்லாதவர்கள் குளிர்ந்த நீரில் ஒரு துளி விட்டுப் பார்க்கவேண்டும். துளி உடனே கரைந்து பரவாமல் அடியில் சென்று தங்கினால் பதம் வந்துவிட்டது. சூட்டில் நீர்த்திருப்பதாகத் தோன்றும் பாகு ஆறும்போது இறுகும் என்பதால், அடுப்பிலேயே தேன்பதம் வரட்டும் என்று காத்திருப்பவர் கையில் மிஞ்சுவது இழுத்தால் வராத கட்டியே. ஆறிய பாகைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, குறைந்தது இரண்டு வாரமாவது வைத்திருப்பது நன்று. அந்த இடைவெளியிலும் பிளவு மெல்லத் தொடர்கிறது, நிறமும் மணமும் ஆழமாகின்றன. பழகிய கைகள் ஓராண்டுக்கு முன் காய்ச்சிய பாகையே நாடுகின்றன. விழாவுக்கு முந்தைய வாரத்தில் ஆசை பிறந்தவர்களுக்குக் கடையில் கிடைக்கும் கோல்டன் சிரப் கைகொடுக்கும், ஏனெனில் அதுவும் இதே வகையில் பிளவுபட்ட பாகுதான். தேனும் அந்த வகையைச் சேர்ந்ததே. ஆனால் அதன் மணம் பூரணத்தின் மணத்தை விழுங்கிவிடுகிறது.

மேல்மாவில் சேரும் மற்றொரு பொருள் காரநீர். சீனக் கடைகளில் சிறு புட்டிகளில் விற்கும் இது, பொட்டாசியம் கார்பனேட் அல்லது சோடியம் கார்பனேட் கரைந்த நீர். பாகில் எஞ்சிய புளிப்பை அது சமன்செய்கிறது. மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் சூட்டில் இணைந்து பழுப்பு நிறமும் வறுத்த மணமும் தருகின்ற வேதிவினை காரச் சூழலில் விரைவடைவதால், காரநீர் சேராத மூன்கேக் வெளிறித் தோன்றும். 100 கிராம் மாவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் காரநீர் போதுமானது. மிஞ்சினால் தோல் கருத்துக் கசக்கும். புட்டி கிடைக்காத ஊரில் ஆப்பசோடாவிலிருந்து இதை உண்டாக்கிக்கொள்ள முடியும். ஆப்பசோடாவை ஓவன் தட்டில் மெல்லப் பரப்பி, ஏறத்தாழ 150 பாகைச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால், அது கரியமில வாயுவையும் நீராவியையும் விட்டுச் சோடியம் கார்பனேட்டாக மாறுகிறது. அதில் ஒரு பங்கை நான்கு பங்கு நீரில் கரைத்தால் காரநீர் ஆயத்தம். இப்பொடி தோலையும் கண்ணையும் உறுத்தும் தன்மையுடையது என்பதால் கரண்டியாலேயே கையாளவேண்டும். துணி துவைக்க விற்கும் சோடா உணவுக்கெனத் தூய்மை செய்யப்பட்டதன்று. அதைச் சமையலறைக்குள் கொண்டுவரவே கூடாது.

பூரணங்களில் மிக உயர்ந்ததாகக் குவாங்டாங் மக்கள் மதிப்பது தாமரை விதைப் பூரணம். குவாங்சோ நகரில் 1889இல் தொடங்கப்பட்ட லியன் சியாங் லோ என்னும் கடை இப்பூரணத்தால் புகழ் பெற்றது. ஹுனான் மாநிலத்துச் சியாங்தான் பகுதியில் விளையும் விதைகள் இதற்குச் சிறந்தவை என்று பெயர் பெற்றவை. தமிழ்நாட்டுக் கடைகளில் தாமரை விதை என்ற பெயரில் பொரித்து விற்கப்படும் மக்கானா, அல்லி இனத்தைச் சேர்ந்த வேறொரு நீர்ச்செடியின் விதை. அதை வாங்கி ஊறவைப்பவருக்குப் பூரணம் வாய்க்காது. கடினமான, வெளிர்மஞ்சள் நிறம் கொண்ட உண்மையான உலர்ந்த தாமரை விதையே தேவை.

அந்த விதையை இரவு முழுதும் ஊறவைத்து இரண்டாகப் பிளந்தால் நடுவில் பச்சை நிறத்தில் ஒரு சிறு முளை தெரியும். அது கடுங்கசப்புடையது; ஒரு விதையில் விடுபட்டாலும் பூரணம் முழுவதிலும் கசப்பு ஏறும் என்பதால் ஒவ்வொன்றாகப் பிளந்து நீக்குவதற்குச் சலிக்கக் கூடாது. முளை நீக்கிய 300 கிராம் விதையை விரலால் நசுக்கினால் மசியும் வரை வேகவைத்து, சிறிது நீருடன் நைசாக அரைத்து, சல்லடையில் வடித்து, அகன்ற வாணலியில் இட்டுக் கிளறவேண்டும். ஏறத்தாழ 220 கிராம் சர்க்கரையும் 130 கிராம் கடலை எண்ணெயும் இதற்கு அளவு. எண்ணெயை ஒரே தடவையில் ஊற்றாமல் மூன்று நான்கு முறையாகப் பிரித்து, முந்தையது முழுதும் உள்வாங்கப்பட்ட பின்னரே அடுத்ததைச் சேர்க்கவேண்டும். அவசரப்பட்டால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். தொடக்கத்தில் கூழாகக் கொதித்துத் தெறிக்கும் கலவை, நேரம் செல்லச் செல்லக் கனத்து, கரண்டியைச் சுற்றித் திரண்டு, வாணலியின் அடியை விட்டு ஒரே பந்தாகப் புரள்கிறது. ஒரு சிட்டிகை எடுத்து உருட்டினால் கையில் ஒட்டாமல் உருண்டையாக நிற்பதே பதம். இங்கே நேரத்தை மிச்சம் பிடிப்பவர் ஓவனில் இழப்பார், ஏனெனில் பூரணத்தில் எஞ்சிய நீர் சூட்டில் ஆவியாகி மேல்மாவை வெடிக்கச் செய்யும். கிளறும் வேலை ஒரு மணி நேரத்தைத் தாண்டலாம். மூன்கேக்கின் உழைப்பில் பெரும்பகுதி இதுவே.

தாமரை விதை கிடைக்காத இடத்தில் சிவப்பு அட்சுகி பயறு பயன்படுகிறது. அதுவும் எட்டாத இடத்தில் அதே பேரினத்தைச் சேர்ந்த சிவப்புக் காராமணியை வேகவைத்து, தோல் நீங்க வடித்து, மேற்சொன்ன முறையில் கிளறலாம். பாசிப்பருப்புப் பூரணத்துக்கோ மாற்று என்ற பெயரே பொருந்தாது. பூஜியன், தியோச்சு மக்களின் பண்டங்களிலும், மலேசியாவின் பினாங்குத் தீவில் பெயர்பெற்ற தாவ் சார் பியா என்னும் சிறு பிஸ்கட்டிலும் தோல் நீக்கிய பாசிப்பருப்புதான் மரபான பூரணம். ஐந்து பருப்பு மூன்கேக் என்ற மற்றொரு பழைய வகையில் வால்நட், எள், விதைப் பருப்புகள் முதலியவை கரகரவென்று கலந்திருக்கும். இதில் பன்றிக்கொழுப்போ இறைச்சியோ சேர்வது வழக்கம் என்பதால் சைவ உணவினர் கடையில் வாங்கும்போது கேட்டறிவது அவசியம்.

பூரணத்தின் நடுவே முழுநிலவாக அமர்வது உப்பிட்ட வாத்து முட்டையின் மஞ்சள் கரு. ஒரு லிட்டர் நீரில் 250 கிராம் கல்லுப்பைக் கொதிக்கவைத்து, முழுதும் ஆறியபின் விரிசல் இல்லாத வாத்து முட்டைகளை அதில் அமிழ்த்தி, நான்கு வாரம் மூடிவைத்தால் உப்பு ஓட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே செல்கிறது. வெள்ளைக்கரு நீர்த்தே இருக்க, மஞ்சள் கருவிலுள்ள நீர் வெளியேறி அது கெட்டியான ஆரஞ்சு நிறக் கோளமாகிறது. அதனுள் கட்டுண்டிருந்த கொழுப்பும் விடுபடுகிறது. நன்கு பதப்பட்ட கருவை வெட்டும்போது மணல்மணலாக உதிர்வதும் எண்ணெய் கசிவதும் அதனால்தான். கழுவி எடுத்த கருக்களின் மேல் சிறிது சீன மது தெளித்து முட்டைவாடையைப் போக்கி, 180 பாகைச் சூட்டில் ஆறேழு நிமிடம் வாட்டி ஆறவைத்த பின்னரே பூரணத்துக்குள் வைக்கின்றனர். இனிப்பின் நடுவே வரும் இந்த உப்புச் சுவை, திகட்டலை முறிப்பதற்கென்றே அமைந்தது.

மேல்மாவு பிசைவது எளிது. 75 கிராம் பாகு, 25 கிராம் கடலை எண்ணெய், ஒன்றரை கிராம் காரநீர் ஆகியவற்றை எண்ணெய் பிரிந்து நிற்காத அளவுக்கு அடித்துக் கலக்கி, அதில் 100 கிராம் மாவைச் சலித்துச் சேர்த்து, கரண்டியால் மடித்து ஒன்றுசேர்க்கவேண்டும். சப்பாத்தி மாவைப் போல் அழுத்திப் பிசைந்தால் கோதுமைப் புரதம் இழைபின்னி, சுடும்போது தோல் சுருங்கும். புரதம் குறைந்த மாவு இதற்கு உரியது என்பதால், மைதா பயன்படுத்துவோர் 85 கிராம் மைதாவுடன் 15 கிராம் சோள மாவைக் கலந்துகொள்வது நலம். பிசைந்த மாவு முதலில் பிசுபிசுவென்று கையோடு வரும். உலர்மாவைத் தூவாமல் மூடி இரண்டு மணி நேரம் வைத்தால் மாவு பாகை உள்ளிழுத்து மென்மையாகிவிடும்.

50 கிராம் அச்சுக்கு 15 கிராம் மேல்மாவும், முட்டைக்கருவும் உட்பட 35 கிராம் பூரணமும் கணக்கு. இவ்வளவு சிறிய மாவு இவ்வளவு பெரிய உருண்டையை மூடுமா என்ற ஐயம் இயல்பானது. மூடும், ஆனால் அது கைப்பழக்கத்தால் வருவது. மாவை உள்ளங்கையில் வட்டமாகத் தட்டி, நடுவில் பூரண உருண்டையை வைத்து, அதைத் தலைகீழாகத் திருப்பிக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் உள்ள வளைவில் அமர்த்துகின்றனர். சீனச் சமையற்காரர்கள் அந்த வளைவைப் புலிவாய் என்பர். ஒரு கையின் புலிவாய் மாவை மெல்ல இறுக்கி மேல்நோக்கித் தள்ள, மற்றக் கையின் கட்டைவிரல் பூரணத்தைக் கீழ்நோக்கி அழுத்த, உருண்டை சுழன்றுகொண்டே இருக்க, மாவு சிறிது சிறிதாக ஏறி வந்து உச்சியில் கூடுகிறது. மாவும் பூரணமும் ஒரே மென்மையில் இருந்தால்தான் இது கைகூடும். பூரணம் கடினமாயின் மாவு கிழிகிறது, மென்மையாயின் பூரணம் நசுங்கி வெளியேறுகிறது. புதிதாகப் பழகுவோர் 20 கிராம் மாவு, 30 கிராம் பூரணம் என்று தொடங்கி, கை தேறத் தேற மாவைக் குறைத்துக்கொள்வது தக்கது.

பழைய அச்சுகள் கனத்த மரத்தில் செதுக்கப்பட்டவை. உருண்டையை அதில் அழுத்தியபின், அச்சின் விளிம்பை மேசையில் ஓங்கித் தட்டினால் மூன்கேக் கழன்று கையில் விழும். இன்று வீடுகளில் புழங்குவது, கைப்பிடியை அழுத்தினால் பண்டத்தைத் தள்ளிவிடும் பிளாஸ்டிக் அச்சு. எதுவாயினும் உருண்டையின் மேல் மிக மெல்லிய மாவுப் படலம் இருந்தால் போதும். அச்சுக்குள் மாவை அள்ளிக் கொட்டினால் எழுத்துகளின் பள்ளம் தூர்ந்துபோகும்.

ஓவனுக்குள் பண்டம் இரண்டு முறை செல்கிறது. தட்டில் அடுக்கியவற்றின் மேல் நீரைப் பனிபோல் தெளித்து, 200 பாகைச் சூட்டில் ஐந்து நிமிடம் வைப்பது கோலத்தை உறையச் செய்வதற்கு மட்டுமே. வெளியே எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, ஒரு மஞ்சள் கருவுடன் ஒரு கரண்டி வெள்ளைக்கருவை அடித்து வடிகட்டிய கலவையை மென்தூரிகையில் தொட்டு, பெரும்பகுதியைக் கிண்ண விளிம்பில் வழித்துவிட்டு, மேடான கோடுகளில் மட்டும் படுமாறு தடவவேண்டும். பள்ளத்தில் முட்டை தேங்கினால் செதுக்கல் மங்கி, வழவழப்பான பழுப்புத் திட்டுதான் மிஞ்சும். முட்டை உண்ணாதோர் பாலில் சில துளி பாகு கலந்து தடவலாம். பளபளப்பு குறைந்தாலும் நிறம் வரும். பின்னர் 175 முதல் 180 பாகையில் 12 முதல் 15 நிமிடம் சுட்டால், மேல்முகம் செம்பொன் நிறமாகவும் பக்கங்கள் மெல்லப் புடைத்தும் நிற்கும். பக்கங்கள் மிகையாக உப்பி உச்சி வெடித்தால் சூடு நீண்டுவிட்டது அல்லது பூரணம் ஈரமாக இருந்தது என்று பொருள். அடிப்பகுதி பரந்து சரிந்தால் பாகு மிகுந்துவிட்டது.

ஓவனை விட்டு வந்த மூன்கேக்கை உடனே கடித்தவர் ஏமாற்றமடைவது உறுதி. தோல் வறண்டு பிஸ்கட்டைப் போல் முறியும். பூரணத்தோடு ஒட்டாமல் தனித்து நிற்கும். குவாங்டாங் மூன்கேக் முழுமை பெறுவது காற்றுப் புகாத டப்பாவில் ஒன்று முதல் மூன்று நாள் இருந்த பிறகுதான். பூரணத்தின் எண்ணெயும் ஈரமும் அந்நாள்களில் மெல்ல வெளிநோக்கி நகர்கின்றன. பாகிலுள்ள பிரக்டோஸ் ஈரத்தைத் தோலில் பிடித்துவைக்கிறது. வெளிறிய தோல் ஆழ்ந்த நிறமும் மென்மையும் மினுமினுப்பும் பெறுகிறது. எண்ணெய் திரும்புதல் என்று சீனர்கள் குறிக்கும் இந்த மாற்றம் நிகழாவிட்டால், பெரும்பாலும் பாகு போதிய அளவு பிளவுபடவில்லை அல்லது பூரணத்தில் எண்ணெய் போதவில்லை என்று கொள்ளலாம். பண்டம் முழுதும் ஆறும் முன் டப்பாவை மூடினால் உள்ளே நீர் முத்திட்டுப் பூஞ்சை பிடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

அச்சும் பாகும் இல்லாதோருக்குச் சூசோ வகை ஏற்றது. 150 கிராம் மைதா, 50 கிராம் கொழுப்பு, 20 கிராம் பொடித்த சர்க்கரை, 65 மில்லிலிட்டர் நீர் சேர்ந்த நெகிழ்ந்த மாவு ஒன்று. 120 கிராம் மைதாவில் 60 கிராம் கொழுப்பு மட்டும் பிசைந்த உதிரி மாவு மற்றொன்று. முதலாவதைச் சிறு வட்டங்களாக்கி, இரண்டாவதன் உருண்டைகளை உள்ளே பொதிந்து, நீளமாகத் தேய்த்துச் சுருட்டி, சற்று ஆறவிட்டு மீண்டும் தேய்த்துச் சுருட்டினால் இரண்டும் அடுக்கடுக்காகப் படிந்து, வேகும்போது செதில்களாக விரிகின்றன. மரபில் இதற்குப் பன்றிக்கொழுப்பே உரியது. சைவ உணவினர் நெய்யைப் பயன்படுத்தலாம். நெய்யில் நீர் இல்லாததால் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரியும், ஆனால் வெப்பமான ஊரில் நெய் உருகி வழியாதபடி மாவை இடையிடையே குளிர்பெட்டியில் வைக்கவேண்டும். இவ்வகையைச் சுட்ட அன்றே தின்பதுதான் சுவை.

குவாங்டாங் மூன்கேக்கைப் பொறுத்தவரை, உண்ணும் அளவு தனியே சொல்லத்தக்கது. கடைகளில் விற்கும் 180 கிராம் எடையுள்ள முழு மூன்கேக் ஒன்றில், பூரணத்தையும் கருவின் எண்ணிக்கையையும் பொறுத்து, ஏறத்தாழ 700 முதல் 1000 கலோரி அடங்கியிருக்கும். அது ஒருவர் தனியே தின்று முடிப்பதற்கான பண்டமே அன்று. நான்காகவோ எட்டாகவோ கீறி, சர்க்கரை சேர்க்காத தேநீருடன் ஆளுக்கொரு துண்டாகப் பகிர்வதே வழக்கம். குடும்பத்தினரின் எண்ணிக்கைக்கு ஏற்ப வெட்டி, வெளியூரில் இருப்பவருக்கும் ஒரு பங்கு எடுத்துவைக்கும் மரபும் உண்டு.

வீட்டில் சுடுவோர் பெரும்பாலும் முதலில் குறைக்க நினைப்பது சர்க்கரையைத்தான். மேல்மாவின் பாகில் கைவைத்தால் நிறமும் மென்மையும் ஒருசேரப் போய்விடும் என்பதால் அதைத் தொடாமல் விடுவதே அறிவுடைமை. பூரணத்தில் கால் பங்கு வரை குறைப்பதற்கு இடமுண்டு. ஆயினும் சர்க்கரை அங்கே சுவைக்காக மட்டும் இல்லை; பூரணத்திலுள்ள நீரைத் தன்னோடு கட்டிவைத்து, நுண்ணுயிர்களுக்குக் கிடைக்காமல் செய்வதும் அதுதான். குறைந்த சர்க்கரையில் கிளறிய பூரணம் கொண்ட மூன்கேக், எண்ணெய் திரும்புவதற்கான முதல் இரண்டு நாளுக்குப் பின் குளிர்பெட்டிக்குள் போய்விட வேண்டும். வெட்டுவதற்கு அரைமணி நேரம் முன்பு வெளியே எடுத்துவைத்தால் பூரணம் இளகும். தொலைவில் உள்ளவர்களுக்குப் பெட்டியில் அனுப்பப்போகும் மூன்கேக்கிலோ மரபு வகுத்த சர்க்கரை அளவைக் குறைக்கவே கூடாது.